கூப்பிட்டாச்சா?

சீனியர் வக்கீலின் அலுவலகம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த காலையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆனாலும் ஜூனியர்கள் அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு வழக்குக் கட்டுகள். பழைய தாளின் புழுக்கம். அதற்கு அடியில் தலைவலித் தைலத்தின் வாசனை.

குமாஸ்தா அவளுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். மூலையில் இன்னொன்று இருந்தது. அதில் யாரும் இல்லை. அதன் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு கறுப்பு அங்கி.

விசிறியை நிறுத்தப் போனாள்.

"இருக்கட்டும் வக்கீலம்மா," என்றார் குமாஸ்தா. "அது பாட்டுக்குச் சுத்தட்டும்."

அவள் வேலை எழுந்து நிற்பது. சீனியர் ஒரே காலையில் பல கோர்ட்டுகளில் இருக்க வேண்டியவர். எனவே எதிலும் இருக்க மாட்டார். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து, சீனியர் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நீதிபதி பொறுக்காவிட்டால் இன்னொரு தேதிக்கு வாய்தா கேட்க வேண்டும். படித்த சட்டமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் சுருங்கிப்போனது. எனக்காக வாதாட இவரை நியமிக்கிறேன் என்று கட்சிக்காரர் கையெழுத்துப் போடும் வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும்தான். அவள் பெயர் எங்கும் கிடையாது.

ஊருக்கு வரச் சொல்லி அம்மா போன் செய்யும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றாள். கோர்ட்டில் வாங்குகிற வாய்தா போதாதென்று வீட்டிலுமா என்று அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் சட்டப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பொழுதோடு வீடு திரும்பலாம். அதற்கும் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். போனால், கோர்ட்டுக்குப் பயந்து ஓடினாள் என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். சோறு தொண்டையில் இறங்கவில்லை. படுத்தால் காதுக்குள் வழக்கு எண்கள் கூப்பிடப்பட்டுக்கொண்டே இருந்தன.

ஒரு காலை மழையில் அவள் அங்கி நனைந்துவிட்டது. அவசரம். ஆணியில் தொங்கிய அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மழை படாத அங்கி. கழுத்துப் பட்டை மட்டும் ஈரமாக இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் தொண்டையிலிருந்து அந்த வாக்கியம் வந்தது. குரல் அவளுடையது அல்ல. களைத்த, கரகரத்த குரல். நீதிபதி நிமிராமல் தலையாட்டினார்.

உட்கார்ந்தாள். தைல வாசனை. காதோரம் ஒரு மூச்சு.

"கூப்பிட்டாச்சா?"

கோர்ட்டுக்குள் மூச்சிரைக்க ஓடிவரும் எந்த வக்கீலும் முதலில் கேட்கும் கேள்வி அது. திரும்பினாள்.

சுவர்தான் இருந்தது.

பயந்தாள். ஆனால் அந்த அங்கியில் வேலை எளிதாக இருந்தது. எழுந்து நின்றால் போதும், மற்றதை அது பார்த்துக்கொண்டது. தன் அங்கி காய்ந்த பிறகும் அவள் அதைத் தொடவில்லை. மதியங்களில் மேசையில் தலை வைக்கத் தோன்றியது. மூலை நாற்காலி விசிறிக் காற்றில் இதமாக இருக்கும் என்று தோன்றியது.

அண்ணன் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன். பக்கத்தில் ஏதோ வேலையாக வந்தவன் கோர்ட்டுக்குள் நுழைந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் தாழ்வாரத்தில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் பழுதுபார்த்த குளிர்பெட்டிகூட உன்னைவிடச் சூடாக இருக்கும் என்று அவள் கையைத் தேய்த்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"பாப்பா, உன் பக்கத்துல நின்னானே, அவன் யாரு?"

அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடறான். ஆனா நிக்கத் தெம்பில்ல அவனுக்கு. உன் தோள்ல சாஞ்சுக்கிட்டே நின்னான்."

டீ அவள் கையில் ஆறியது.

"பின்னாடியிருந்து பாத்தா," என்றான் அண்ணன், "உங்க ரெண்டு பேர்ல யார் யாருன்னே தெரியல."

அவள் நேராகக் குமாஸ்தாவிடம் போனாள். அவர் அங்கியைப் பார்த்தார். கோபப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அந்த அங்கி அவளுக்கு முன்னால் இருந்த ஜூனியருடையது என்றார். நல்ல பிள்ளை. வாயில்லாப் பூச்சி. வேறு வேலைக்குப் போ என்று வீட்டில் சொன்னபோதெல்லாம் இந்த வழக்கு முடியட்டும் என்பான். வழக்கு எங்கே முடிகிறது? நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு மதியம் கழுத்தெல்லாம் வேர்த்து வழியச் சொன்னான். நான் வருகிற வரைக்கும் சமாளி என்று போனில் சீனியர் சொன்னார். வழக்கைக் கூப்பிடும்போது எழுப்பச் சொல்லிவிட்டு மேசையில் தலை வைத்தான்.

"தூங்குறான்னு நெனச்சேன்," என்றார் குமாஸ்தா. "பாவம், தூங்கட்டும்னு ஃபேனைக் கூட்டிவெச்சேன்."

மூலையில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாளும் அதே அங்கியில் கோர்ட்டில் எழுந்து நின்றாள். வழக்கைக் கூப்பிட்டதும் தொண்டைக்குள் அந்தக் குரல் ஏறி வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். தோளில் பாரம் தொங்கியது. தன் சொந்தக் குரலில், அது நடுங்க நடுங்க, சொன்னாள்.

"ஐயா, ஒரு மரணத்தைப் பதிவு செய்யணும்."

நீதிபதி முதல்முறையாக நிமிர்ந்தார். இறந்தது கட்சிக்காரரா என்று கேட்டார். இல்லை என்றாள். சீனியரா என்றார். கோர்ட்டில் ஒரு சலசலப்பு.

"ஜூனியர்ங்க ஐயா. அவர் இனி வரமாட்டார்னு கோர்ட்டு சொன்னா போதும். அவருக்கு யாரும் சொல்லல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வழக்குக் கட்டைப் புரட்டினார். வக்காலத்தைத் தேடிப் பார்த்தார். அவர் குரலில் கனிவு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பேரே இதுல இல்லையேம்மா. இல்லாதவரை எப்படி விடுவிக்கிறது?"

அடுத்த வாய்தாவுக்குத் தேதி போட்டார்.

அவள் அங்கியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். மன்னிப்புக் கேட்பதுபோல் அதன் கழுத்துப் பட்டையைத் துடைத்தாள். மறுபடி ஈரம் ஊறியது. சீனியரிடம் சொல்லிக்கொள்ளக் காத்திருந்தாள். அவர் வந்துகொண்டிருந்தார். காத்திருக்காமல் படியிறங்கினாள்.

போக்குவரத்து நிறுவனத்தில் சேர்ந்தாள். அண்ணன் அவளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். வெட்கப்பட்டுக்கொண்டே பேசினாள், பிறகு வெட்கப்படாமல் பேசினாள். தூக்கம் திரும்பியது. அம்மாவைப் போய்ப் பார்த்தாள். அம்மா அவளுக்குச் சோறு போட்டுவிட்டு, சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்தின் வழக்கொன்று அதே கோர்ட்டுக்கு வந்தது. அவள் கடைசிப் பெஞ்சில் பார்வையாளராக உட்கார்ந்தாள். முற்பகல் வெயில் தரையில் கிடந்தது.

சீனியரின் பழைய வழக்கைக் கூப்பிட்டார்கள்.

யாரும் எழவில்லை.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சரி, பொறுக்கலாம்," என்றார் நீதிபதி, நிமிராமல்.

அடுத்த வழக்குக்குப் போனார்கள். பெஞ்சில் அவள் பக்கத்து இடம் மெல்ல அமிழ்ந்தது. தைல வாசனை. தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது. குழந்தையின் தலைபோல, தன் பாரம் முழுவதையும் இறக்கிவைத்த தலை.

எழுந்து ஓடிவிட நினைத்தாள். கால் வரவில்லை. பிறகு, ஓட மனம் வரவில்லை.

"கூப்பிட்டாச்சா?"

கண்ணீர் வழிய, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல," என்றாள் உதடு பிரியாமல். "நீங்க தூங்குங்க."

கோர்ட் கலைந்த பின்னும் அவள் எழவில்லை. விளக்கை அணைக்க வந்த பணியாளர் அவள் தோளைப் பார்த்துவிட்டு, மேலே கூரையைப் பார்த்தார்.

மழை இல்லை. ஒழுகலும் இல்லை. அவள் ஒரு தோள் மட்டும் நனைந்திருந்தது.