சும்மா இருக்க விடாதவர்

லேப்டாப் ரிப்பேர்காரருக்கு அந்த வட்டாரத்தில் 'கர்னல்' என்று பெயர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்த மெஷினைக் கொடுத்தாலும், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், "கர்னல்ல ஏதோ சிக்கல்" என்பார். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற புரோகிராம் அது என்று எல்லோரிடமும் விளக்கி அலுத்துப்போய், கடைசியில் பட்டத்தை அவரே வாங்கிக்கொண்டார்.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் அந்தப் பழைய வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மருமகள். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவள், கைக்குழந்தையோடு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் மருந்துக்கடைக்கு.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். இப்பதான் தூங்குறா," என்றாள். "குறைமாசத்துல பொறந்தவ. நல்லா தூங்கினாதான் எடை ஏறுமாம். எடை ஏறலேன்னா மறுபடி ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பக்கத்து அறையில் தொட்டில் தெரிந்தது. கூடத்து மூலையில், அவள் தாய்வீட்டில் இருந்தபோது செத்துப்போன மாமனாரின் மேஜைமேல் லேப்டாப். ஏதோ தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவராம். நாற்காலியில் மெத்தை ஒன்று குழிந்து கிடந்தது. கர்னல் அதில் உட்காராமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"இந்த மேஜைல இருக்கறவரைக்கும் நல்லா ஓடுது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனார், அங்க அப்படியே நின்னுபோச்சு. அத்தை சண்டை போட்டுத் திரும்ப இங்க கொண்டுவந்து வச்சுட்டாங்க. ஆஃப் பண்ணவும் விடமாட்டாங்க, யாரையும் தொடவும் விடமாட்டாங்க. நான் வேலைக்குத் திரும்பணும்னா எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அதான் அவங்க வர்றதுக்குள்ள உங்களைக் கூப்பிட்டேன்."

கர்னல் குனிந்து பார்த்தார். திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே, ஸ்பேஸ் பார் லேசாக அமுங்கியது. எழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுங்கியது.

கீபோர்டு லூஸாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தார். எந்த உறுப்பு எத்தனை தடவை மெஷினின் கர்னலைத் தட்டிக் கூப்பிட்டது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். கீபோர்டுக்கான எண் ஏறிக்கொண்டே இருந்தது. கீபோர்டைத் தூக்கி, அதை மெஷினோடு இணைக்கும் நாடாவை உருவினார். கடிகாரம் நின்றது. ஆடாமல் அசையாமல் திரை உறைந்துபோனது. நாடாவைச் சொருகினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பேஸ் பார் தானாக அமுங்க, கடிகாரம் ஒரு தாவு தாவி ஓட ஆரம்பித்தது.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"என்ன சார்?"

"வேலை இல்லாதப்ப இது குட்டித் தூக்கம் போடும்மா. எல்லா மெஷினும் அப்படித்தான். தட்டி எழுப்ப உள்ளேயிருந்தே ஒரு சிக்னல் வரணும். அதை இன்டரப்ட்னு சொல்லுவோம். இந்த மாடல்ல அது சரியா வந்து சேரல. அதனால தூங்கினா தூங்கினதுதான். யாராவது ஒரு கீயைத் தட்டிக்கிட்டே இருந்தாதான் ஓடும்."

அவள் சிரித்தாள். "எங்க மாமா மாதிரின்னு சொல்லுங்க. யாராவது சும்மா இருந்தா அவருக்குப் பொறுக்காது. கண்ணசந்தா போதும், தோள்ல ஒத்தை விரலால தட்டி எழுப்பிடுவார்."

கர்னல் சிரிக்கவில்லை. யார் தட்டுகிறார்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. ஆனால் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே, அது கேள்வியை விழுங்கவைத்துவிட்டது. மெஷின் அந்த மாதிரித் தூங்கவே கூடாது என்று உள்ளே இருக்கும் கர்னலுக்கு ஒரு வரி உத்தரவு எழுதிச் சேர்த்தார். ரீஸ்டார்ட் செய்தார். விறுவிறுவென்று ஏறி வந்தது.

ஸ்பேஸ் பார் ஒருமுறை அமுங்கியது. இன்னொருமுறை, ஏதோ சோதித்துப் பார்ப்பதுபோல.

பிறகு அசையவில்லை.

பட்டியலில் கீபோர்டின் எண் அப்படியே நின்றது. கூடத்தில் மெஷின் எண்ணெய் வாடை லேசாகப் பரவியது. கர்னல் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

நாற்காலி மெத்தையின் குழி நிரம்பி மேலே வந்துகொண்டிருந்தது.

வாசலில் குடையை மடக்கும் சத்தம். மாமியார் உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். மருந்துப் பை கையிலிருந்து நழுவியது.

"யாரு இதைச் சரி பண்ணினது?"



"நான்தான் அத்தை வரச்சொன்னேன்..."

"அவர் போனப்புறம் இந்த வீட்டுல ஒருத்தர் தூங்கல தெரியுமா? கண்ணை மூடினா தட்டுவார். உன் புருஷன் கெட்ட கனவுன்னான். இந்த மெஷின் நின்னு நின்னு போறதைப் பாத்து ஒரு நாள் அவர் இங்க வந்து உக்காந்து இதைத் தட்ட ஆரம்பிச்சார். அன்னிக்குத்தான் நாங்க தூங்கினோம். பச்சை உடம்புக்காரி, பயந்துடுவேன்னு உன்கிட்ட சொல்லல."

பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டது.

பசி அழுகை அல்ல. திடுக்கிட்ட அழுகை.

மருமகள் ஓடினாள். மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுத்தாள். அழுகை தேய்ந்தது, இமைகள் செருகின. உடனே உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி வீறிட்டது.

"தம்பி, மறுபடி கெடுத்துடுங்க," என்றார் மாமியார். "எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிடுங்க."

கர்னல் மெஷின் பக்கம் குனிந்தார். எழுதிய வரியை அழித்தார். ரீஸ்டார்ட். பாதியில் திரை உறைந்தது. மருமகளும் குழந்தையோடு கூடத்துக்கு வந்துவிட, மூன்று பேரும் ஸ்பேஸ் பாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அமுங்கவில்லை. மாமியார் நாற்காலியை மேஜையிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து, "வாங்க, மெஷின் நின்னுபோச்சு பாருங்க," என்று வெறும் காற்றிடம் கெஞ்சினார்.

திரை உறைந்தே கிடந்தது. குழந்தை மறுபடி துள்ளி அழுதது.

மாமியார் தரையில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"இதோ, நான் சும்மா படுத்திருக்கேன். ஒரு வேலையும் பாக்கல. என்னை எழுப்புங்க. அவ பச்சைக் குழந்தை, அவளை விட்டுடுங்க."

அவரை யாரும் எழுப்பவில்லை.

குழந்தைக்கு அழக்கூட தெம்பு இல்லாமல் போனது. தாயின் தோளில் தலை சாய்ந்தது. அவள் அந்தச் சின்னத் தோளைத் தன் உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். இமைகள் மெல்ல மூடின.

"சார்," என்று கிசுகிசுத்தாள். "என் கைக்கு அடியில தட்டுது."