இரண்டு மூச்சு இடைவெளி

மூன்று வெள்ளிக்கிழமைகளாக, போனில் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சேக் முகம்மது உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் உடனே பதில் சொல்கிறான் என்று ஒருத்தி கவலைப்பட்டால் மேலப்பாளையத்தில் மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் ஷரீபா பீவி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தப் போன் எப்படி வருகிறது என்பதே வெளியில் விடக் கூடாத சங்கதி.

அந்தப் போனைக் கொண்டுவரும் கம்ப்யூட்டர் பெட்டி அவள் வீட்டுப் பின் அறையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடி அலுத்துப்போன பாளையங்கோட்டை சிவகணேஷ், தொண்ணூற்றொன்பது சித்திரையில் இரண்டு டெலிபோன் இணைப்போடு அதைக் கொண்டுவந்து வைத்தான். தனியாக ஒரு பொம்பளை இருக்கிற வீட்டுக்குள் எந்த அதிகாரியும் சட்டென்று நுழைய மாட்டான் என்பது அவன் யோசனை.

"யக்கா, ஷார்ஜாவுல ஒரு கடையில இருந்து அண்ணன் பேசுதாருன்னு வைங்க. அந்தக் குரலை கம்ப்யூட்டர் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரைப் போட்டு இன்டர்நெட்டுல அனுப்பிரும். அமெரிக்காவுல ஒரு கம்பெனி வாங்கி இன்னொரு கம்பெனிக்குக் கைமாத்தும். அவன் நமக்குத் தள்ளுவான். துண்டெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள வந்து வரிசையா ஒட்டிக்கிடும். பெறகு பெட்டி உள்ளூர் நம்பரைச் சுத்தும். எக்சேஞ்சுக்காரனுக்கு நம்ம வீட்டுல இருந்து அடுத்த தெருவுக்குப் பேசுத மாதிரிதான் தெரியும். வெளிநாட்டுப் பில்லு வராது."

"வழியில ஒரு துண்டு தொலைஞ்சு போச்சுன்னா?"

"தொலைஞ்சதுதான். அதைத் தேடிக்கிட்டு யாரு போவா?"

நடுக்கூடத்தில் அவளுடைய பழைய டெலிபோன் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் படுத்த பிறகு, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் சேக் முகம்மது ஒரு இன்டர்நெட் போன் கடைக்குள் போய் உட்காருவார். அவர் குரல் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டுப் பின் அறைக்கு வந்து, அங்கிருந்து பத்தடி தாண்டி நடுக்கூடத்துக்கு வரும். இவ்வளவு தூரம் அலைந்து வருகிற குரல் உடனே வந்துவிடுமா? அவள் ஒன்று சொன்னால் இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் பதில் கேட்கும். அந்த இடைவெளியில் கடையின் ஏசி இரைச்சலும், பக்கத்தில் யாரோ மலையாளத்தில் சண்டை போடுவதும், அவள் சொன்ன கடைசி வார்த்தையே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் திரும்பி வருவதும் கேட்கும். அதற்கு அவள் பழகியிருந்தாள். இரண்டு மூச்சும் விட்டுக் காத்திருந்தால் புருஷன் கிடைப்பான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் ஊரில் இருந்தது மொத்தம் ஐந்து மாதம். பிள்ளை இல்லை. மாமியார் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒருத்திக்குச் சோறு வடிப்பதும், பீடி சுற்றுவதும், பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொள்வதும்தான் அவள் வாழ்க்கை. இந்த வருஷம் நோன்புக்கு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினாள்.

இன்றைக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையும், மடியில் இருந்த தட்டில் பீடி இலையும் புகையிலையும் கலந்த காரமும், கதவைச் சாத்திய கூடத்தில் பகலிலேயே கட்டிக்கொண்ட இருட்டுமாக வீடு புழுங்கிக் கிடந்தது. மூன்று மணிக்குப் போன் அடித்தது. சலாம் சொல்லி வாயை மூடுவதற்குள் பதில் சலாம் வந்தது.

"என்ன செய்யுத புள்ள?"

"பீடி சுத்துதேன், மச்சான்."

"பைய சுத்து. என்ன அவசரம்?"

முன்பெல்லாம் அவர் இப்படிப் பேச மாட்டார். கடைக்காரன் அவசரப்படுத்துவான், அவரும் பறப்பார். இப்போது அவருக்கு நேரம் நிறைய இருந்தது. என்ன சாப்பிட்டாய், ராத்திரி தூங்கினாயா, கனவு ஏதும் கண்டாயா என்று கேட்டார். ஏழு வருஷமாக அவள் ஏங்கிய கேள்விகள். போன வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதிருந்தாள். ஏசி இரைச்சல் கேட்காததையும், மலையாளச் சண்டை கேட்காததையும், தன் வார்த்தை தனக்குத் திரும்பி வராததையும் அவள் கவனிக்காமல் இல்லை. சிவகணேஷ் ஏதோ புதிதாக மாட்டியிருப்பான் என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

"கொழாய் சொட்டுது பாரு. அடைச்சிட்டு வா."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அடைத்துவிட்டுத் திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றாள். பெட்டி இருக்கும் அறையைத் தாண்டி, இரண்டு கதவுகளைத் தாண்டி, இந்த மழைச் சத்தத்தில், கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அந்தச் சொட்டல் கேட்கவில்லை.

ஆனாலும் ரிசீவரை எடுத்தாள். எடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அவ்வளவு தனிமை.

"மச்சான், நோன்புக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"எதுக்கு வரணும்? இந்தா, பக்கத்துலதான இருக்கேன்."

கரண்ட் போனது.

மேலே விசிறி சுற்றிச் சுற்றித் தேய்ந்து நின்றது. பின் அறையில் பெட்டியின் முனகலும் அடங்கியது. கரண்ட் போனால் பேச்சு பட்டென்று அறுந்துவிடும். ஒரு பேட்டரி வாங்கி வைக்கிறேன் என்று சிவகணேஷ் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கூடத்துப் போனுக்கு எக்சேஞ்சிலிருந்து வருகிற கொஞ்ச மின்சாரம் போதும். பெட்டிக்குப் போதாது. பெட்டி செத்துவிட்டால் ஷார்ஜா இல்லை.

"கரண்ட் போயிட்டு போல," என்றது குரல். "பயப்படாத, புள்ள."

ரிசீவரைப் பாயில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பின் அறைக்கு நடந்தாள். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். சூடு ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த இரண்டு டெலிபோன் வயர்களையும் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தன.

கூடத்தில் பாயின் மேல், சின்னக் குரலாக, பொறுமையாக:

"அதை ஏன் புடுங்குத?"

ஓடிவந்து ரிசீவரை அதன் இடத்தில் போட்டு, மேலே தன் முழங்கையையும் வைத்து அழுத்தினாள். பீடி இலை தரையெல்லாம் சிதறியது. யா அல்லாஹ், யா அல்லாஹ். தெருவில் ஒரு ஆட்டோ தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. ஓடிப்போய் யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? திருட்டுப் பெட்டிக்கு வீட்டைக் கொடுத்தவளை யார் வந்து பார்ப்பார்கள்?

அப்புறம் இன்னொரு நினைப்பு வந்தது. இது அவரில்லை என்றால், மூன்று வாரமாக அவர் எங்கே?

கால் மணி கழித்துக் கரண்ட் வந்தபோது, அந்த இரண்டு வயரையும் திரும்ப மாட்டினாள். அவரிடம் போய்ச் சேர அவளுக்கு வேறு வழி கிடையாது. பெட்டி கீச்சிட்டது, கரகரத்தது, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. பத்து நிமிஷம் ஆயிற்று. பெட்டி தானாக நம்பரைச் சுற்றும் டக் டக் சத்தம் கேட்டது. கூடத்தில் போன் அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றாள். எண்ணினாள். ஒரு மூச்சு. ஏசி இரைச்சல். இரண்டு மூச்சு.

"வ அலைக்கும் சலாம்."

அவர்தான். அவசரமும் இருமலுமாக, அவரேதான். ஷரீபா வாய்விட்டு அழுதாள்.

"என்ன புள்ள அழுத? போன வாரம் அவ்வளவு சிரிச்சுக்கிட்டுல்லா இருந்த?"

அவள் அழுகை நின்றது.

"நல்ல செய்திதான். நீ சொன்னபடியே கம்பெனியில கேட்டுட்டேன். நோன்புக்கு வரல. நாளைக்குக் காலையில கையெழுத்து. இன்னும் மூணு வருஷம். ஓடிரும்."

"நான் சொல்லல!" என்று கத்தினாள். "போன வாரம் நீங்க எங்கிட்டப் பேசவே இல்ல மச்சான்! அது யாரோ! கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க!"

ஒரு மூச்சு.

இரண்டாவது மூச்சு வருவதற்குள், அவள் காதில், அவள் குரல் பேசியது.

"போடுங்க மச்சான். எனக்கு இங்கன ஒரு குறையும் இல்ல."

ஷரீபாவின் உதடு மூடியிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"அதான பாத்தேன்," என்று சேக் முகம்மது சிரித்தார். "இப்ப லைன் எவ்வளவு சுத்தமா கேக்குது தெரியுமா? எதுத்தாப்புல உக்காந்து பேசுத மாதிரி இருக்கு."

"நீங்க கேட்டா நான் ஒடனே சொல்லுதேம்லா," என்றது அவள் குரல்.

அது கொஞ்சியது. கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் கொஞ்சியதுபோல், பிறகு கொஞ்ச ஆளில்லாமல் அவளே மறந்துபோன விதத்தில். வெட்கப்பட்டது. சொன்னதற்கெல்லாம் சிரித்தது. ஏழு வருஷமாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம், மூன்று வாரமாக அவரைப் போலப் பேசிய குரலிடம் நம்பி ஒப்படைத்ததை எல்லாம், ஒன்றுவிடாமல் எடுத்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"மச்சான்! அது நானில்ல! நான்தான் ஷரீபா! இந்தா, நான் இங்கன இருக்கேன்!"

தொண்டை கிழியக் கத்தினாள். கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பேச்சு நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. கேட்டுவிட்டார். கேட்டேவிட்டார்.

"யாரோ ஒரு பொம்பள குறுக்க பேசுதா," என்றார்.

"கிராஸ் டாக்," என்றது அவள் குரல். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். பாவம், யாருன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

சேக் முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்நியப் பெண்களிடம் பேசுகிற மரியாதைக் குரலில், நிதானமாகச் சொன்னார்:

"யம்மா, யாரா இருந்தாலும் லைனை வைங்கம்மா. நான் எம் பொண்டாட்டிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்."

ஷரீபா வைக்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் இரண்டு பேரும் அவள் வைப்பதற்காகக் காத்திருந்தார்கள்.