முன்னால் தோள் இல்லாதவன்

எப்சிபா ஹேல் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

எஸ்ரா விட்காமின் முகத்தில் பாதி சோப்பு நுரை இருந்தது. நாவிதர் லெமுவேல் கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"ஐயா, என் தம்பியப் பிடிச்சு வெச்சிருக்காங்க. கோயில் வெள்ளிக் கிண்ணத்தைத் திருடிட்டானாம். எங்க விறகுக் கொட்டகையில கிடந்துச்சாம். திங்கக்கிழமை மறுபடி அந்தச் சிறைக்கே அனுப்பப் போறாங்க. இந்தத் தடவ உள்ள போனா பொணமாத்தான் வருவான்."

எஸ்ரா கால்வாய்க் கரையெல்லாம் நிலம் அளந்து ஓய்ந்த மனிதர். எது காணாமல் போனாலும் ஊர் அவரிடம்தான் வரும். "சைலஸ் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. உள்ள வாயத் திறந்தா சவுக்கு. வெளிய வந்து ஒரு வருஷம் ஆகியும், யாராவது அதட்டினா அவனுக்கு நாக்கு ஒட்டிக்குது."

எஸ்ரா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, மீதிப் பாதி?" என்றார் லெமுவேல்.

"அது எங்கயும் ஓடாது. வா."

கோயிலின் பின்வாசலிலிருந்து சைலஸின் கொட்டகை வரை வெறும் வயல். முந்தின நாள் மாலை பெய்த பனியில் ஒரே ஒரு வரிசைத் தடம் போயிற்று. காலடி என்று சொல்ல முடியாது. பாதம் தூக்காமல் இழுத்த நீளமான தேய்ப்புகள், ஒன்றையொன்று தொட்டாற்போல. கொட்டகைக்கு அப்பால் சறுக்குவண்டிப் பாதையில் எல்லாம் கலந்துவிட்டது.

அந்த நடையை ஊரில் அறியாதவர் இல்லை. சிறையில் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் கைதிகள் அப்படித்தான் போக வேண்டும். முன்னால் போகிறவன் தோளில் வலது கை, காவலர் பக்கம் திருப்பிய முகம், எல்லாக் கால்களும் ஒரே இழுப்பு. சைலஸ் வெளியே வந்த பிறகும் அப்படியே நடந்தான்.

வயலோரத்தில் கிதியோன் ஸ்ட்ரவுட் நின்றிருந்தார். அந்தச் சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புப் பூண் போட்ட தடியால் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேனே! பனி உருகுறதுக்குள்ள அவன் திரும்பிப் போவான்னு. இதுக்குத் துப்பு வேற துலக்கணுமா, விட்காம்? காலே கையெழுத்துப் போட்டிருக்கு."

எஸ்ரா குனிந்து பார்த்தார். தேய்ப்புகளின் வலப்புறத்தில், ஒன்று விட்டு ஒன்றுக்கு, சின்னச் சின்ன வட்டக் குழிகள் இருந்தன.

"தடி ஊன்றி நடந்திருக்கான்," என்று லெமுவேல் கிசுகிசுத்தார்.

எஸ்ரா தன் கைத்தடியைப் பனியில் நட்டுச் சாய்ந்தார். அது ஒரு சாண் ஆழம் இறங்கிற்று. பக்கத்துக் குழியில் விரலை விட்டார். பாதி விரல்கூட மறையவில்லை.

"ஊன்றினா இவ்வளவுதான் இறங்குமா, லெமுவேல்?"

மத்தியானம் எல்லோரும் கோயிலில் கூடினார்கள். போதகர், கான்ஸ்டபிள், ஸ்ட்ரவுட், சபையார் சிலர். கடைசிப் பெஞ்சில் சைலஸ் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, எப்சிபா அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"இந்த நடையை வேற யாராவது நடக்க முடியுமான்னு பார்க்கலாம்," என்றார் எஸ்ரா. "லெமுவேல், நட பார்ப்போம்."

லெமுவேல் நாலு அடி இழுத்தார். ஐந்தாவதில் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

"வாத்து மாதிரி இருக்குய்யா!" என்று சிரித்தார் ஸ்ட்ரவுட்.

"நீங்க பல வருஷம் பக்கத்துலயே நின்னு பார்த்தவர். நீங்க காட்டுங்களேன்."

ஸ்ட்ரவுட் தயங்கவே இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி, பாதம் தூக்காமல் அழகாக இழுத்து நடந்தார். இடது கால் நகரும்போதெல்லாம் தடி பலகையில் விழுந்தது. டக். டக். சபையார் சிரித்தார்கள்.

சட்டென்று சிரிப்பு நின்றது.

சைலஸ் எழுந்திருந்தான். அவன் முகம் ஒரு பக்கம் திரும்பிற்று. முன்னால் இல்லாத ஒரு தோளைத் தேடி அவன் வலது கை நீண்டது. அந்தத் தட்டலுக்குச் சரியாக, ஸ்ட்ரவுட்டின் பின்னால், இழுத்து இழுத்து வந்தான்.

"சைலஸ், நில்லுடா!" என்று எப்சிபா அலறினாள்.

"போதும், ஸ்ட்ரவுட்," என்றார் எஸ்ரா. "உங்களை யாரும் தட்டச் சொல்லலையே. எதுக்குத் தட்டினீங்க?"

ஸ்ட்ரவுட் தன் தடியைப் பார்த்தார். எஸ்ரா தொடர்ந்தார்:

"கைதி தாளத்தைக் கேட்கிறவன், தட்டுறவன் இல்ல. அவன் கையில எந்தக் காலத்துலயும் தடி கிடையாது. தட்டுறது காவலர். இந்த நடை உங்களுக்குத் தட்டாம வராது. பனியிலயும் தட்டியிருக்கீங்க. அந்தச் சிறை அவன் காலை மட்டும் பிடிக்கல, உங்க கையையும் பிடிச்சிருக்கு. கான்ஸ்டபிள், அவர் தடியோட பூணை வயல்ல இருக்கிற குழியில வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார்கள். உறையில் கத்தி போலப் பொருந்திற்று.

"வெள்ளி எனக்கு எதுக்கு?" ஸ்ட்ரவுட்டின் குரல் உடைந்தது. "சவுக்காலயும் பட்டினியாலயும் திருந்தாதவன், அக்கா ஊத்துற சூப்புலயும் மர வேலையிலயும் திருந்திட்டான்னா... அப்ப நான் ஆயுசு முழுக்கச் செஞ்சது என்ன?"

எஸ்ராவுக்கு அந்த மனிதன்மேலும் இரக்கம் வந்தது. கான்ஸ்டபிள் ஸ்ட்ரவுட்டை அழைத்துப் போனார்.

சபையார் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஒருவரும் கடைசிப் பெஞ்சின் பக்கம் பார்க்கவில்லை. போதகர் கிண்ணத்தைத் துடைத்தபடி, "அவன் அப்படி நடக்கிறதாலதானே எங்களுக்கும் அவன்தான்னு தோணிச்சு," என்றார், பனிதான் குற்றவாளி என்பதுபோல. லெமுவேல் மட்டும் சைலஸிடம் போய், "திங்கக்கிழமை கடைக்கு வா. முடி காடா கிடக்கு," என்றார்.

எப்சிபா அடுப்பு மூட்ட முன்னால் ஓடினாள். எஸ்ராவும் சைலஸும் பின்னே போனார்கள். சைலஸ் அவருக்குப் பக்கத்தில் வரவில்லை. எஸ்ரா நின்றால் அவனும் நின்றான். அவன் வலது கை அவர் தோளைத் தொடாமல் மேலேயே மிதந்தது.

எஸ்ரா திரும்பி அந்தக் கையை எடுத்துத் தன் முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டார். "எனக்கு வழுக்குது, தம்பி. கொஞ்சம் பிடிச்சுக்க."

அன்று முதல் தடவையாகச் சைலஸ் வாயைத் திறந்தான்.

"எந்தக் காலை முதல்ல வைக்கணும், ஐயா?"

"உனக்கு எது இஷ்டமோ அது."

சைலஸ் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே நின்றான்.