மணலில் எடுத்த கல்

புதுப் பையில் புகையிலை வாசம் வந்தது.

வேடியப்பன் அதை முந்தின நாள் மாலைதான் பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் வாங்கியிருந்தான். வாங்கும்போது ரப்பர் வாசம்தான் அடித்தது. இப்போது ஜிப்பை இழுத்ததும், வெற்றிலையோடு நெடுநேரம் மென்று எச்சிலில் ஊறிப்போன புகையிலையின் கார நெடி, யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்ததுபோல வெதுவெதுப்பாக மேலே ஏறியது. அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அந்த வீட்டில் யாரும் புகையிலை போடுவதில்லை. அந்த வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை.

யாருமில்லை என்று தெருவில் சொல்வார்கள். அவன் அப்படி நினைக்கவில்லை.

பையை ஜன்னலருகே கொண்டுபோய் உதறினான். மறுபடி சமையலறைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். துண்டு. மாற்று லுங்கி. குளுக்கோஸ் பாக்கெட். டார்ச். பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் நகல். நாளை காலை சித்தேரி மலைக்கு ஒரு நாள் நடைப்பயணம். வழிகாட்டியோடு கூட்டமாக ஏறி, அருவியைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். தனியாகப் போனால் வனத்துறை விடாது. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் பெயர் கொடுத்திருந்தான். மற்றவர்கள் அருவி பார்க்கப் போகிறார்கள். அவன் மனைவியை விடப் போகிறான்.

அடுப்பு மேடைக்குக் கீழே, எவர்சில்வர் தாம்பாளத்தில் அந்தக் கல் இருந்தது.

கனிமொழி பங்குனியில் காய்ச்சலில் போனாள். செத்தவரைக் கல்லில் நிறுத்திக் கும்பிட்டு, கருமாதி முடிந்ததும் அந்தக் கல்லை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அதோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோடையில் ஊர் ஆற்றில் மணல்தான் ஓடியது. "வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம நடங்க. தண்ணி வந்தா அதுவா கூட்டிகிட்டுப் போயிரும்," என்று பூசாரி சொன்னார். பாறை ஓரமாக மணலில் கல்லை வைத்துவிட்டு வந்தார்கள். தண்ணீர் வரவில்லை. ஆடிப்பெருக்குக்கும் வரவில்லை. வெயிலில் அவள் அப்படிக் கிடப்பதை நினைத்து நினைத்து, ஒரு சாயங்காலம் போய்ப் பாறை ஓரத்தில் இருந்த கல்லை எடுத்துவந்துவிட்டான். மஞ்சள் எல்லாம் காற்றில் அழிந்திருந்தது. கையில் எடுத்ததும் கனத்தது. போதும், இதுதான் என்று தோன்றியது.

இப்போது ஐப்பசி. மலையில் மழை. அருவி விழுகிறது. கல்யாணமான புதிதில் அவள் பார்க்க ஆசைப்பட்ட அதே அருவி.

போன் அடித்தது.

"சார், அருண்குமார் பேசறேன். டிரெக்கிங் கைடு. பேக் கட்டியாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"ஜீன்ஸ் வேணாம் சார். நனைஞ்சா காலு நகராது. போன வாரம் ஒருத்தர் சொல்லச் சொல்லப் போட்டுட்டு வந்து, எறங்கறப்ப நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். மாப்பிள்ளை ஊர்வலமே தோத்துது போங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்து வேடியப்பன் சிரித்தான்.

"அப்புறம் பாட்டிலு கீட்டிலு இருந்தா இப்பவே எடுத்துருங்க. செக்போஸ்ட்ல பையத் தலைகீழா கொட்டுவாங்க. பொம்பளைங்க எல்லாம் வர்றாங்க, மானம் போயிரும்."

"பாட்டில் இல்லீங்க." கொஞ்சம் தயங்கினான். "ஒரு கல்லு இருக்குது. அருவியில வுடணும்."

மறுமுனையில் குரல் இறங்கியது. "புரியுதுங்க சார். கேட்டா நான் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்." பிறகு, பேச்சை மாற்றுகிறவன்போல, "பெரியவரையும் கூட்டியாறீங்களா?" என்றான்.

"யாரை?"

"உங்க பின்னால இருமறாரே, அவரத்தான். அவ்ளோ சளிய வெச்சிகிட்டு மலை ஏற முடியாதுங்க. வூட்டுலயே வுட்டுட்டு வாங்க."

வேடியப்பன் திரும்பிப் பார்த்தான். அடுப்பு. குடம். பல்லி.

"டிவி ஓடுதுங்க," என்றான்.

டிவி முன்னறையில் உறை போட்டபடி கிடந்தது. கனிமொழி போனதிலிருந்து அதை அவன் போட்டதே இல்லை.

மேற்கே இடி உருண்டது. வெளிச்சம் சட்டென்று கறுத்து, ஓட்டின்மேல் முதல் துளிகள் ஆணி அடிப்பதுபோல் விழுந்து, பிறகு எண்ண முடியாமல் கொட்டின. கரண்ட் போயிற்று. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மழைச் சத்தத்துக்கு அடியில், பழக்கப்பட்ட காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்த மூச்சு வந்தது. நெஞ்சுக்குள் எதுவோ கொதிப்பதுபோல கரகரத்து ஏறி, மேலே போய் நின்று, விசில்போல மெலிந்து இறங்கும் மூச்சு. கல் வந்த நாளிலிருந்து அது இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கனிமொழி அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். அதனால் அவனுக்குப் பயமில்லை. ஆபீஸ் முடிந்து பூட்டைத் திறந்ததும் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று நின்று கேட்பான். இருந்தால்தான் செருப்பைக் கழற்றுவான். அவளுக்குப் பிடித்த ஜிலேபியைத் தாம்பாளத்தின் பக்கத்தில் வைப்பான். விடிந்தும் அது அப்படியே இருக்கும். எறும்புகூட வராது.

நாளைக்கு இந்த மூச்சு இருக்காது. அவன் அதற்குத்தான் பயந்தான்.

"ஒரு ராத்திரிதான் கனி," என்றான் மெதுவாக. "காலையில போயிரலாம்."

மூச்சு நின்றது.

அவன் காத்திருந்தான். மழை. மழை மட்டும். வழக்கமாக அவன் பேசினால் மூச்சு கொஞ்சம் வேகம் எடுக்கும். நின்றதே இல்லை.

போன் மறுபடி அடித்தது. தீர்த்தகிரி. கனிமொழியின் தம்பி.

"மாமா, ரெயின்கோட்டு கேட்டீங்களே, காலையில பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்து குடுத்துடட்டுமா? மழையப் பாத்தாலே தும்மற ஆளு நீங்க, மலைக்குப் போறீங்களாம்! அக்கா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்."

அவன் குரலில் அக்கா என்ற சொல் வந்ததும் வேடியப்பனுக்குள் ஏதோ இளகியது. யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"மச்சான், உங்கக்காவத்தான் கொண்டு போறேன்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"கல்லை. ஆத்துல வெச்சமே. தண்ணி வரவே இல்ல. மனசு கேக்கல. ஆடி பதினெட்டு கழிச்சுப் போயி எடுத்தாந்துட்டேன். இங்கதான் இருக்குது. நாளைக்கு அருவியில வுட்டுடறேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று வேடியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"மாமா. எந்தக் கல்லு?"

"பாறை ஓரமா வெச்சமே, அது."

"அது அங்க இல்லையே மாமா. ஆடி பதினெட்டுக்கு நான் ஒகேனக்கல் போனேன்ல. முந்தின நாளே அக்கா கல்லை எடுத்துட்டுப் போயி காவேரில வுட்டுட்டேன். நீங்க அப்பத்தான் கொஞ்சம் சோறு திங்க ஆரம்பிச்சிருந்தீங்க. சொன்னா மறுபடி படுத்துக்குவீங்கன்னு ஆத்தா சொல்ல வேணாம்னுச்சி."

"அப்ப நான் எடுத்தது?"

"அங்க நெறைய கல்லு கெடந்துச்சி மாமா. இந்தக் கோடையில செத்த எல்லாரையும் அந்த மணல்லதான வெச்சாங்க."

"யாரோடது மச்சான்?"

"யாருக்குத் தெரியும்? மாமா, அதத் தொடாதீங்க. வெளிய வந்துருங்க. நான் இப்பவே வண்டிய எடுத்துட்டு வர்றேன்."

கனிமொழி போய்விட்டாள். மூன்று மாதத்துக்கு முன்பே, அவனுக்குத் தெரியாமல், காவேரியோடு போய்விட்டாள். அவன் ஜிலேபி வாங்கி வந்த சாயங்காலங்களில் அவள் இங்கே இல்லை. பூட்டைத் திறந்து நின்று கேட்டபோது இல்லை. இரவில் முன்னறைக் கயிற்றுக் கட்டிலில் சுவரோரப் பக்கத்தை அவளுக்கென்று காலியாக விட்டுப் படுத்திருந்தான். நடு இரவில் அந்தப் பக்கம் அழுந்தும். கயிறு முறுக்கிக்கொண்டு முனகும். பிடரியில் மூச்சு படும். அவன் கண்ணைத் திறக்காமல் கையைப் பின்னால் நீட்டுவான். சில நாள் அந்தக் கையின்மேல் இன்னொரு கை வந்து உட்காரும். குளிர்ந்த, கனத்த கை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

போனின் டார்ச்சைப் போட்டான்.

தாம்பாளத்தில் கல் இல்லை.

பையில் இல்லை. மேடைக்கு அடியில் இல்லை. தாம்பாளம் இருந்த இடத்திலிருந்து ஈர மணல் தரையில் கோடாக இழுபட்டு, நிலைப்படியைத் தாண்டி, முன்னறைக்குள் போயிருந்தது.

தெருக்கதவு முன்னறையில்தான். கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா? மாமா?"

புகையிலை நெடி. இப்போது அறை முழுக்க.

அவன் நிலைப்படியில் நின்றான். டார்ச்சை உள்ளே காட்டினான். கட்டில். கனிமொழியின் மஞ்சள் போர்வை. அதற்கடியில் நீளமாக ஒரு உருவம், மார்பு வரைக்கும் இழுத்துப் போர்த்தி, மேலே தலையணை இருட்டில் மறைந்து. போர்வை எட்டவில்லை. கட்டில் சட்டத்தைத் தாண்டி இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கறுத்த, வெடிப்பு விழுந்த, பெரிய பாதங்கள். ஆம்பளைப் பாதங்கள். நகங்களில் மணல். பாடையில் கிடத்தும்போது கட்டுவதுபோல, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

இருமல். ஈரமாக. நிதானமாக.

பாதங்கள் அசைந்தன. பிரிய முடியாமல், ஒன்றாகவே, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. கயிறு முனகியது. உருவம் புரண்டு, சுவரோரமாக ஒதுங்கி, அவன் படுக்கும் பக்கத்தைக் காலியாக விட்டது.

போர்வையின் ஓரம் மெல்ல உயர்ந்தது.

அப்படியே நின்றது.