பிடித்தவர் தலையில் ஒரு முட்டை

யாதிராவுக்கு ஒன்றுமே புரியவில்லை. இருப்பதிலேயே அழகான முட்டையைப் பொறுக்கி எடுத்துத்தானே ஹேட்டியின் தலையில் உடைத்தாள்? அதற்குப் போய் இப்படியா அழுவாள்?

தென்கோடி ஊரான பிரவுன்ஸ்வில்லின் பூங்கா முழுவதும் ஈஸ்டர் கூட்டம். மரத்துக்கு மரம் அடுப்பு, கறி சுடும் புகை. போவோர் வருவோர் தலையிலெல்லாம் வண்ணக் காகிதத் துகள். ஹேட்டி மட்டும் அவர்கள் வந்த வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பனி பெய்யும் வடக்கிலிருந்து போன மாதம்தான் அவள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். அந்தத் தெருவில் யாதிராவின் வயதில் வேறு பெண்ணே கிடையாது. எப்படியாவது ஹேட்டியைச் சிநேகிதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று யாதிரா தவியாய்த் தவித்தாள்.

"அவ மண்டையப் பொளந்துட்டியே அக்கா!" என்று தம்பி பேட்டோ கைகொட்டிச் சிரித்தான்.

"போடா! அது வெறும் ஓடுடா!"

வெறும் ஓடுதான். அவர்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க யாரும் முட்டையை நடுவில் உடைக்கக் கூடாது. நுனியில் துளை போட்டு, உள்ளே இருப்பதை வாணலியில் ஊற்றிவிட்டு, ஓட்டைக் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு சாயம் பூசி, காகிதத் துகள் நிரப்பி, துளையை ஒட்ட வேண்டும். ஹேட்டியின் முட்டையில் யாதிரா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பூ வரைந்திருந்தாள்.

ஒருவேளை நிறம் பிடிக்கவில்லையோ? யாதிரா மஞ்சள் முட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்ததுமே ஹேட்டி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"நான் உனக்கு என்ன பண்ணேன்? என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடு. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

யாதிராவுக்குத் தலை சுற்றியது. பிடிக்காதவர் தலையில் யாராவது மெனக்கெட்டு முட்டை உடைப்பார்களா? இதை யாரும் இவளுக்குச் சொல்லவே இல்லையோ?

மஞ்சள் முட்டையை ஹேட்டியின் கையில் வைத்தாள். அவள் முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"ம், உடை."

"எதுக்கு?"

"பிடிச்சவங்க தலையிலதான் உடைப்போம். அங்க பாரு எங்க அம்மாவை!"

அம்மா அப்பாவைத் துரத்திப் பிடித்து, வழுக்கையில் ஒன்று உடைத்தார். அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

ஹேட்டி கண்ணைத் துடைத்தாள். "அப்ப இது வேணாம், இது நீ பண்ணது. நானும் உனக்குன்னு வீட்லேர்ந்து ஒண்ணு சாயம் பூசிக் கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து நீல முட்டையை எடுத்தாள். ஆசை தீர ஓங்கினாள்.

டொக்!

யாதிராவின் கண்ணில் பூச்சி பறந்தது. காகிதத் துகள் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"உள்ள என்னடி வச்ச?"

"அவிச்ச முட்டை. முட்டைக்குள்ள வேற என்ன இருக்கும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தார்கள். அப்புறம் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. முட்டையை உரித்து, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து ஆளுக்குப் பாதி தின்றார்கள். காரத்தில் ஹேட்டிக்கு மறுபடியும் கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மா ஓடி வந்தார். "ஐயையோ, தலையில என்னடி இவ்ளோ பெரிய புடைப்பு? யாரு அடிச்சா?"

யாதிரா புடைப்பைத் தடவிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்:

"என் ஃபிரண்டும்மா!"