மூன்றாம் தண்ணீர்

வெள்ளிக் காசு கறுக்கும். அது அதன் குணம். ஆனால் இது நாறியது. மேசையில் கிடந்த விக்டோரியா ராணி ரூபாயிலிருந்து, ஈரம் காயாத வலையின் வாடை எழுந்து ஜபாரின் முன்னறை முழுக்கப் பரவியிருந்தது.

பழங்காசு வாங்கி விற்பவர் அவர். கற்பிட்டி வீதியோரத்து அந்த வீட்டில், மனைவி மௌத்தாகி அடக்கமான பிறகு பேரம் பேசக்கூட ஆளில்லை. கதவைத் திறக்கும்போது வெறும் வீட்டுக்குத்தான் சலாம் சொல்வார். பதில் வராத வீட்டில் நட்டமுமில்லை, இலாபமுமில்லை என்று தனியே சிரித்துக்கொள்வார்.

காசை மதியம் கொண்டுவந்தவள் மர்ளியா. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இடுப்புப் பெல்ட் மட்டும் கண்டக்குழிக் கரையில் ஒதுங்கியது. அதன் பைக்குள் இந்தக் காசு.

“ராணிட மூக்குத் தேஞ்சி போச்சே, புள்ள. நீ சொல்ற வெல கூட.”

“அப்ப தாங்க காக்கா. மூக்கில்லாத ராணி எங்கூடவே இரிக்கட்டும்.”

சிரித்தபடி அவள் கேட்டதையே கொடுத்தார். புறப்படும்போது அவள் சிரிக்கவில்லை.

“ஒண்டு மட்டும். இதக் கழுவிப்போடாதீங்க. அவருக்கே கடைசிக் குளிப்பாட்டுத் தண்ணி கிடைக்கல்ல.”

“கழுவின காசு பாதி வெலக்கும் போகாது. நான் என்ன மடையனா? கழுவ மாட்டன்.”

அது உண்மை. புளியும் பற்பசையும் போட்டுத் தேய்த்து, நூறு வருடக் கறுப்போடு விலையையும் சேர்த்துக் கழுவி ஊற்றியவர்கள் எத்தனையோ பேரை அவர் கண்டிருக்கிறார். ஆனால் காலையில் கொழும்பிலிருந்து, பழங்காசு சேர்க்கும் றொபின்சன் வருவார். வந்தால் இரண்டு பிளேன்டீ குடித்து, ஒரு மணித்தியாலமாவது கதைத்துக்கொண்டிருப்பார். மாதக்கணக்கில் இந்தக் கதிரையில் வேறு யார் உட்கார்ந்தார்கள்? இந்த நாற்றத்துக்கு மனுஷன் வாசலோடு திரும்பிவிடுவார்.

தேய்த்தால்தானே பிழை? பெற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் சும்மா ஊறவைத்தால் உப்பு இறங்கும், காசுக்கு ஒன்றும் ஆகாது. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து கிண்ணத்தை எடுத்தார்.

வெளியே சோளகக் காற்று தென்னோலைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்க, முதல் தண்ணீர் மெல்லக் கலங்கி, சாம்பலாகி, அடியில் மணலாகப் படிந்தது. ஒரு கைப்பிடி மணல். ஒரு காசு அவ்வளவு சுமக்காது.

இரண்டாம் தண்ணீரில் கறுத்த மயிர் ஒன்று மிதந்தது. தன்னுடையதென்று ஆறுதல்பட அவர் தலையில் மயிர் கிடையாது.

குளியலறையில் வாளி நகர்ந்தது.

“காத்து” என்றார் உரக்க. குளியலறைக்கு யன்னல் இல்லை.

மூன்றாம் தண்ணீரை ஊற்றினார். காசை ஒற்றி எடுக்க, அலுமாரியிலிருந்து வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து உதறினார். வெள்ளி கறுக்காதிருக்க அதற்குள் வைத்திருந்த கற்பூரம் உதிர்ந்து கிண்ணத்தில் விழுந்தது.

மணம் எழுந்தது. கை நின்றது.

மூன்று முறை. தேய்க்காமல். கடைசித் தண்ணீரில் கற்பூரம். ஒற்ற வெள்ளைத் துணி. எத்தனையோ ஜனாஸாக்களுக்கு, அடக்கத்துக்கு முன் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய கை அது.

காசை அவர் கழுவவில்லை. குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்.

துணியை நீள மேசையில் எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினார். தாழ்ப்பாள் ஈரமாக இருந்தது. வழுக்கியது. திறக்கவில்லை.

மின்சாரம் போனது.

ஈரக் காலடி. குளியலறையிலிருந்து. அவரைத் தாண்டி. பிறகு மேசை முனகியது, பாரம் ஏறினாற்போல. சொட்டு. சொட்டு.

வெளிச்சம் வந்தது.

கைக்குட்டையளவு துணி மேசையின் இரு முனைக்கும் நீண்டு, நனைந்து, ஓர் ஆளின் உருவத்தில் ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டில் வாளி. நிறையத் தண்ணீர். பக்கத்தில், அவர் உட்கார வாகாக இழுத்துப் போட்ட கதிரை.

வலப்புறத்தை முதலில் கழுவ வசதியாக, அந்த உருவம் மெல்ல இடப்பக்கம் திரும்பிப் படுத்தது.