பத்தாவது மங்கள வார்த்தை

பத்தாவது மங்கள வார்த்தையில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கலந்திருந்தது.

டெல்பின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முங்கி எழுந்த அவள் காதுக்குள்ளேயே பாதிக் கடல் இருந்தது. பாம்பனிலிருந்து பாசி எடுக்க வருகிற பெண்கள், வேலை முடிந்து படகேறியதும் ஆளுக்கொரு மங்கள வார்த்தை சொல்வார்கள். பத்துப் பெண்கள், பத்து ஜெபம். மாதாவைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, தலையை எண்ணின மாதிரியும் ஆச்சு.

"முடிஞ்சிருச்சுல்ல? கெளம்பவா?" என்றார் படகோட்டி சதக் பாய்.

காலை பத்து மணிதான். ஆனாலும் மேகம் இறங்கி, கடல் பழைய ஈயச்சட்டி நிறத்துக்கு மங்கி, அழுகின பாசியும் டீசலும் கலந்த வாடை தொண்டை வரை ஏற, புருஷன்மாரின் பழைய சட்டைகளைப் போட்டிருந்த அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தி மேலிருந்தும் நீர் சொட்டுவது தனித்தனியாகக் கேட்கிற அளவுக்குக் காற்று செத்துக் கிடந்தது. சொட்டு. சொட்டு. டெல்பின் எண்ணினாள்.

தன்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

"பாய், படக எடுக்காதீக! ஜெனோவாவக் காணோம்!" என்று கத்தினாள்.

"பத்தாவது அவதானக்கா சொன்னா? ஒன் முதுகுக்குப் பின்னாலதான் கேட்டுச்சு," என்றாள் பெண்களில் ஒருத்தி.

டெல்பினின் முதுகுக்குப் பின்னால் கடல்தான் இருந்தது.

பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறி நின்று புருஷனைக் கூப்பிடுகிற வீராங்கனை அவள். ஆனால் ஜெனோவா வெறும் நாத்தனார் இல்லை. தாய் செத்தபோது எட்டு வயது; அன்றிலிருந்து இவள் ஊட்டி, பேன் பார்த்து, அடித்து, அணைத்து வளர்த்த பிள்ளை. அடுத்த மாதம் கல்யாணம்.

விளிம்பில் ஏறி நின்றாள். சிலுவை போட்டாள். போட்ட அவசரத்தில் அது சிலுவையா, ஈ விரட்டலா என்று மாதாவுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"ஏய், யாரா இருந்தாலும் கேட்டுக்க," என்றாள் தண்ணீரிடம். "எங்க பிள்ள கொரல நீ எடுத்தா, பிள்ளைய நான் எடுப்பேன்."

குதித்தாள்.

கலங்கல். பாறை. ஆடும் பாசி. எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு. துழாவினாள். ஒரு கை அகப்பட்டது. பாறை கீறாமலிருக்க விரல்களில் சுற்றுகிற துணி, அதில் இருந்தது. கெட்டியாகப் பற்றி உதைத்து மேலே வந்தாள்.

"மதினி!"

படகில் ஜெனோவா. மறுபக்கமாக எழுந்தவளைப் பெண்கள் தூக்கிப் போட்டிருந்தார்கள். இருமிக்கொண்டே கத்தினாள். "நான் இங்கன இருக்கேன் மதினி! அங்கன யாரப் பிடிச்சிருக்கீக?"

டெல்பின் குனிந்து பார்த்தாள்.

பற்றியிருந்த விரல்களில் துணியோடு துணியாகப் பாசி முளைத்திருந்தது. அந்தக் கைக்காரியின் இன்னொரு கையை வேறொரு கை பிடித்திருந்தது. அதை இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. எல்லாம் துணி சுற்றிய கைகள். எல்லாம் புருஷன் சட்டை; இதற்கு முன் கரை திரும்பாத பாசிக்காரிகள். ஒவ்வொரு முகமும் கண் மூடி மேலே நிமிர்ந்திருந்தது. ஒவ்வொரு வாயும் மங்கள வார்த்தை சொல்லி அசைந்தது.

"கைய விடு புள்ள!" சதக் பாய் அலறினார்.

விடத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. இல்லை. அவள்தான் விடவில்லை.

"கயித்தப் போடுங்க பாய்," என்றாள், பல் கிட்டித்தபடி. "கனம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

கயிறு விறைத்தது. படகு சாய்ந்தது. அடியாழத்தில், கடைசி முகம் வரை, கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின.